படைக்கலம் பேணும் பணியும் நம் இளைஞர்களும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் முன்னாள் படைத் தொழில்நுட்பர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இச்சங்கம் தொடங்கிய காலத்தில் இதன் இரவுப் பள்ளியில் கணக்குப் பயின்றவன் நான். பின்னர்த் தரைப்படையின் இ.எம்.இ. பிரிவில் சேர்ந்து, டாங்கிகளைப் பழுது நீக்கும் தொழில்நுட்பராக 22 ஆண்டுகள் பணியாற்றினேன்.

1943ஆம் ஆண்டை நீங்கள் நினைவிற் கொள்ள வேண்டும். படைக்கலங்களையும் ஊர்திகளையும் பேணுவதற்கென இப்பிரிவு தனியே அமைக்கப்பெற்றது அவ்வாண்டில்தான். வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக விளங்கிய அண்ணல் அம்பேத்கரின் முயற்சியால், மத்திய அரசுப் பணிகளில் நம் மக்களுக்கு 8.33 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அது இன்று 15 விழுக்காடு. சீருடைப் பணிக்கு அது பொருந்தாது. படைப் பணிமனைகளின் சிவிலியன் பதவிகளுக்குப் பொருந்தும்.

நான் பேணிய டி-72 டாங்கியின் எடை ஏறத்தாழ 41 டன். அதன் டீசல் எஞ்சினுக்கு 12 சிலிண்டர்கள். ஆற்றல் 780 குதிரைத்திறன். இத்துணை வலிமை வாய்ந்த எஞ்சினுக்குப் பகை எது தெரியுமா? புழுதி! இராஜஸ்தான் பாலைவனத்தில் காற்று வடிகட்டியைக் கடந்து புழுதி உட்புகுந்தால், பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவர்களும் தேயும், அழுத்தம் குறையும், எஞ்சின் எண்ணெயைக் குடித்துப் புகையைக் கக்கும்.

பணியில் சேர்ந்த புதிதில், வடிகட்டிகளைக் கழுவும் வேலையையே மாதக்கணக்கில் எனக்கு அளித்தனர். "உங்கள் ஆட்களுக்குப் பழகிய வேலைதானே!" என்றார் மூத்த தொழில்நுட்பர் ஒருவர். அச்சொல் என் நெஞ்சைச் சுட்டது. ஆயினும், கழுவிய ஒவ்வொன்றையும் உற்று நோக்கி, எந்த வண்டியில் எவ்வளவு புழுதி எனக் குறிப்பேட்டில் எழுதி வந்தேன். ஒருநாள் ஒரு வண்டியில், வடிகட்டிக்கு அப்பால் தூய காற்று செல்லும் குழாயினுள்ளும் மெல்லிய புழுதிப் படலம் இருக்கக் கண்டேன். இணைப்பு வளையம் பழுது என்றேன், நகைத்தனர். பதிவேட்டில் கையொப்பமிடச் சொன்னார்கள், மறுத்தேன். அதிகாரி வந்து கழற்றிப் பார்த்தார். வளையம் கிழிந்திருந்தது! அன்றுமுதல் எனக்கு எஞ்சின் பணி கிடைத்தது.

கழுவச் செய்த அந்த அவமதிப்பை நான் போற்றவில்லை. அளவுகோலுக்குச் சாதி தெரியாது. அதைக் கையில் வைத்திருக்கும் மனிதனுக்குத் தெரியும். அம்மனிதனையும் மறுக்க இயலாமல் நிறுத்துவது, நாம் அளந்து எழுதி வைத்த கணக்கே.

கையில் எண்ணெய் படியும் தொழில் நமக்கு மீண்டும் எதற்கு எனச் சில பெற்றோர் வினவுகின்றனர். அவர்தம் வேதனை நியாயமானதே. ஆனால், பிறப்பைக் காட்டிச் சுமத்தப்பட்ட தொழில் வேறு. கற்றுத் தேர்ந்து, ஊதியமும் உயர்வும் பெற்றுச் செய்யும் தொழில் வேறு. எனினும், கைத்திறன் மட்டும் போதாது. வரைபடம் படிக்கத் தெரியாமையால், முதல் பதவி உயர்வுத் தேர்வில் நான் தோற்றேன். இரவுதோறும் பயின்று மறுமுறை வென்றேன்.

ஆகவே, சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் இரவுப் பள்ளியில் பொறியியல் வரைபட வகுப்பொன்று தொடங்குங்கள். மைக்ரோமீட்டர் ஒன்றையும் வெர்னியர் அளவி ஒன்றையும் நான் வாங்கித் தருகிறேன். வாரந்தோறும் வந்து கற்பிக்கிறேன். இளைஞர்களே, நீங்கள் வாருங்கள்!