பெரிய பெட்டிக்குக் குடிபெயர்ந்த கணினி



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்குப் புன்னகையை வரவழைக்கலாம். ஒரு கணினியின் உறுப்புகளைச் சின்னப் பெட்டியிலிருந்து கழற்றி, பெரிய பெட்டிக்குள் மாற்றி வைப்பது பற்றித்தான் பேசப்போகிறோம். மறையுரை நேரத்தில் இதற்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நம் பங்கு அலுவலகத்தில் ஒரு கணினி இருக்கிறது. திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளில் உள்ள பெயர்களைச் சட்டென்று தேடியெடுக்க வசதியாக, பல ஆண்டுகளாக அதில் பதிந்து வருகிறோம். மூலப் பதிவேடுகள் பீரோவில் பத்திரமாக உள்ளன. ஆனாலும் ஓலை எழுத வரும் குடும்பத்தார், பேரப்பிள்ளையின் சான்றிதழுக்காக வெயிலில் நடந்து வரும் பாட்டிமார், எல்லாரும் அந்தக் கணினி விழித்துக்கொள்வதற்காகத்தான் பெஞ்சில் காத்திருக்கிறார்கள்.

கோடை வந்ததும் அது படுத்த ஆரம்பித்தது. காலையில் நன்றாக ஓடும். பதினொரு மணிக்கு மேல் தவழும். பிற்பகலில் தானாகவே அணைந்துபோகும். பங்குப் பேரவையில் பேச்சு வந்தபோது, "பழசாகிவிட்டது, மந்தமாகிவிட்டது, தூக்கிப்போட்டுப் புதிது வாங்குவோம்" என்றுதான் பலரும் சொன்னார்கள். பழுதுபார்க்க வந்த தம்பி மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "ஃபாதர், மெஷினே மோசம்னா காலையிலயும் மோசமாத்தானே இருக்கணும்?"

அந்தக் கேள்வியில் விஷயம் இருந்தது. கணினியின் செயலி மிகவும் சூடாகும்போது, தான் கருகிப்போகாமல் இருக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பல செயலிகளில் சூடு 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது இது நடக்கும். அதற்கும் அடங்காவிட்டால் கணினி அணைந்துவிடும். நம்முடையது ஒடுக்கமான பெட்டி. வயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திணிக்கப்பட்டு, பின்னால் ஒரே ஒரு சிறிய ஃபேன். வெளியே போகவேண்டிய சூடான காற்று உள்ளேயே சுற்றிச்சுற்றி வந்தது.

ஆகவே பெரிய கேபினெட் ஒன்று வாங்குவது என்று முடிவாயிற்று. (அந்தப் பெட்டியையே 'சிபியு' என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையான சிபியு உள்ளங்கைக்குள் அடங்கும் சில்லுதான்.) எல்லாக் கணினிக்கும் இது முடியுமா என்றால், முடியாது. 1995-இல் வந்த ஏடிஎக்ஸ் அளவுமுறையையும் அதன் தம்பியான மைக்ரோ ஏடிஎக்ஸ் முறையையும் பின்பற்றும் மதர்போர்டுகளைத் தாராளமாக மாற்றலாம். மைக்ரோ ஏடிஎக்ஸ் பலகை 244 மில்லிமீட்டர் சதுரம். பெரியது 305-க்கு 244. பெரிய பெட்டியிலேயே சின்னதற்கும் திருகுத் துளைகள் பொருந்தும்படி அமைத்திருக்கிறார்கள். சில நிறுவனங்களின் கணினிகளோ தங்களுக்கென்று தனி வடிவம் வைத்திருக்கின்றன. அவற்றுக்குப் பெட்டி வாங்கும்முன் அளந்து பார்த்துவிட வேண்டும்.

முதல் வேலையாகப் பதிவுகள் அனைத்தையும் வேறொரு ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்தோம். பிறகு மின்இணைப்பைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி, மிச்ச மின்சாரத்தையும் போகவிட்டோம். உள்ளே கைவைக்குமுன் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொட்டுக்கொள்ளச் சொன்னார் அந்தத் தம்பி. நம் உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுத்துவிடும்.

அவர் அதிக நேரம் செலவிட்டது எதில் தெரியுமா? சின்னச் சின்னப் பித்தளைத் தண்டுகளில். மதர்போர்டு பெட்டியின் தகட்டில் நேரடியாகப் படக்கூடாது. ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத உயரத்தில் அந்தத் தண்டுகள் அதைத் தாங்கி நிற்கின்றன. பலகையின் அடியிலுள்ள ஈயப்பற்றுகள் இரும்பில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும். பெரிய பெட்டியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பெரிய பலகைக்கென்று போட்டு வைத்திருக்கும் தண்டு, நம் பலகையில் துளை இல்லாத இடத்தில் முட்டி நிற்கலாம். அதை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழற்றினார். நாம் டார்ச் பிடித்தோம்.

மற்றவை சீக்கிரம் முடிந்தன. எஸ்எம்பிஎஸ் புதுப் பெட்டியில் அடியில் உட்கார்ந்ததால், பலகையின் மேல்மூலைக்குப் போகவேண்டிய வயர் எட்டவில்லை. நீட்டிப்பு வயர் ஒன்று வாங்கிவர வேண்டியதாயிற்று. முன்னால் காற்றை இழுக்க ஒரு ஃபேன், பின்னால் தள்ள ஒரு ஃபேன். இதை அவர் அழுத்திச் சொன்னார்: காற்றோட்டம் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய பெட்டியும் அடுப்புதான்.

பொத்தானை அழுத்தினோம். அதே திரை, அதே கோப்புகள், அதே கடவுச்சொல். பிற்பகல் மூன்று மணிக்கும் காலை ஒன்பது மணிபோலவே ஓடியது. புதிதாக எந்த வேகமும் சேரவில்லை, அதற்கு ஏற்கெனவே இருந்த வேகம்தான் வெளியே வந்தது.

அந்த வாரம்தான் ஒரு பாட்டி, பத்தாம் வகுப்பு படிக்கும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். "படிப்பு ஏறாத பிள்ளை சாமி, ஏதாவது தையல் வகுப்பில சேர்த்துவிடுங்க" என்றார். பிள்ளையிடம் பேசிப் பார்த்தோம். காலையில் பள்ளியில் நடத்துவதைத் தெளிவாகச் சொல்கிறாள். மாலையில்தான் எதுவும் நடப்பதில்லை. வீடு ஒரே அறை. அதில் ஆறு பேர், ஒரு தொலைக்காட்சி, அம்மாவின் தையல் இயந்திரம். தம்பி கேட்ட கேள்விதான் நமக்கு ஞாபகம் வந்தது. பிள்ளை மோசம் என்றால் காலையிலும் மோசமாகத்தானே இருக்க வேண்டும்?

அன்பானவர்களே, நம் வீடுகளில் யாரையெல்லாம் மந்தம் என்று முடிவுகட்டி வைத்திருக்கிறோம்? பேசாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் மருமகளையா? வேலையை விட்டுவிட்டு வந்து படுத்திருக்கும் மகனையா? அவர்களைச் சுற்றி எவ்வளவு சூடு, எவ்வளவு நெருக்கம் என்று தொட்டுப் பார்த்திருக்கிறோமா? எல்லாருக்கும் பெரிய வீடு கட்டித்தர யாராலும் முடியாது. அது தெரிந்துதான் சொல்கிறோம்.

நம் பங்கு மன்றம் மாலை நேரங்களில் பூட்டியே கிடந்தது. அடுத்த திங்கள்முதல் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை திறந்திருக்கும். எந்தச் சமயத்துப் பிள்ளையும் வந்து படிக்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இரண்டு பேர் கூட உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளுக்கு மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. வரக்கூடியவர்கள் திருப்பலி முடிந்ததும் உபதேசியாரிடம் பெயர் கொடுங்கள்.