மைக்கைப் பிடிக்கும் முன் காதைத் திறப்போம்!

(மாணவர்களுக்கான கோடைகால ஊடகப் பயிற்சியின் தொடக்க நாளில் பாளையங்கோட்டையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தேர்வு முடிஞ்ச கையோட, இந்தச் சித்திரை வெயில்ல வந்து உட்கார்ந்திருக்கீங்க. வீட்டுல கேட்டிருப்பாங்க: "இதுல உனக்கு என்னல கிடைக்கும்?" நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் சொல்லாமல் உங்களிடம் வேலை வாங்கக் கூடாது. பயிற்சி முடிந்ததும் ஒரு சான்றிதழ் தருவோம். ஆனால் அது வெறும் தாள். அதைத் தாண்டி என்ன கிடைக்கும் என்று சொல்கிறேன்.

மாணவர்களை நம்பிப் பொறுப்பைக் கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஆனந்த விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் பல பத்தாண்டுகளாக அதைச் செய்து காட்டியிருக்கிறது. கல்லூரியில் படித்துக்கொண்டே செய்தி சேகரிக்கப் பழகியவர்கள் பலர், பின்னாளில் ஊடகத்திலும் திரைத்துறையிலும் தடம் பதித்தார்கள்.

முதலில் நீங்கள் பெறப்போவது, மக்கள் மொழியில் பேசும் பழக்கம். இந்த மண்ணுக்கு அது பழைய சொத்து. 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களிடம் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசியது கூலியைப் பற்றி, வேலை நேரத்தைப் பற்றி, ஓய்வு நாளைப் பற்றி. சுதேசியம் என்ற பெரிய சொல்லைத் தொழிலாளியின் அடுப்படி வரைக்கும் கொண்டுபோனார்கள். வேலைநிறுத்தம் வென்றது. மார்ச் 12இல் இருவரையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தார்கள். பேச்சுக்கு எவ்வளவு வலிமை இருக்கிறது என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இரண்டாவது, கேட்கும் பழக்கம். இதுதான் கஷ்டம். வருகிற மே 1 கிராம சபை. ஆண்டுக்கு 6 முறை நடக்கும் கூட்டங்களில் அதுவும் ஒன்று. கிராமத்திலிருந்து வந்திருப்பவர்கள் உங்கள் ஊர்ச் சபைக்குப் போங்க. பேச வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். எந்த அம்மா எழுந்து பேசினாங்க, என்ன கேட்டாங்க, தலைவர் என்ன பதில் சொன்னார், தீர்மானத்தில் அது ஏறியதா இல்லையா? இவ்வளவையும் எழுதிட்டு வாங்க. உங்கள் முதல் பாடம் அதுதான்.

மூன்றாவது, சரிபார்க்கும் பழக்கம். 2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சுமார் 800 பேர் சிக்கிக் கிடந்தாங்க. அப்படி ஒரு ராத்திரியில் "அணை உடைஞ்சிருச்சு" என்று ஒரு குரல் பதிவு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்க என்ன செய்வீங்க? நாலு குழுவுக்கு அனுப்பிட்டுப் படுத்துருவீங்களா?

பாபநாசம் அணையின் உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று தெரிந்திருக்க வேண்டும். விநாடிக்கு 1 கனஅடி என்றால் சுமார் 28 லிட்டர். அப்படியானால் 10,000 கனஅடி திறந்துவிட்டால் விநாடிக்கு சுமார் 2,80,000 லிட்டர் ஆற்றில் வருகிறது. இந்தக் கணக்கு தெரிந்தவர்தான் கரையோரத்து மக்களிடம் "பயப்படாதீங்க" என்றோ "உடனே மேட்டுக்குப் போங்க" என்றோ பொறுப்போடு சொல்ல முடியும். ஒரு பொய்ச் செய்தி பீதியைக் கிளப்பும். தாமதமான உண்மைச் செய்தி உயிரையே வாங்கும்.

நான்காவது, காகிதத்தின் பலம். தாமிரபரணி மணல் கொள்ளையை எதிர்த்து தோழர் நல்லகண்ணு மேடையில் முழங்கியதோடு நிற்கவில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குப் போட்டு, தானே வாதாடினார். 2010இல் மணல் அள்ள 5 ஆண்டு தடை வந்தது. உங்களாலும் தொடங்க முடியும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வியைச் சுற்றி வளைக்காமல் கேட்கத் தெரியணும். அதை இங்கே கற்றுத் தருவோம்.

ஐந்தாவது, பதிவு செய்யும் கடமை. 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கி வந்த பேரணி மீது தடியடி. தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. ஆர்.ஆர்.சீனிவாசன் எடுத்த 'நதியின் மரணம்' ஆவணப்படம் அந்த நாளின் சாட்சியாக இன்றும் நிற்கிறது. கேமரா அங்கே இல்லாமல் போயிருந்தால், அரசு சொன்னது மட்டும்தான் வரலாறாகியிருக்கும். அதே மாஞ்சோலையில் 2024இல் தோட்ட நிறுவனம் விருப்ப ஓய்வு என்று சொல்லித் தொழிலாளர்களை மலையிலிருந்து இறங்கச் சொன்னது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்களின் வாய்மொழியை யார் எழுதி வைப்பது? நீங்கதான்.

கடைசியாக ஒன்று. கட்சிக்காரன் பேசுதானேன்னு நினைக்காம கேளுங்க. எங்கள் தவறையும் நீங்கள் எங்களிடம் சொல்ல வேண்டும். நம் கட்சி உறுப்பினர் பொறுப்பு வகிக்கும் வார்டில் குடிநீர் வரவில்லை என்றால், வரவில்லை என்றே எழுதுங்கள். அதை அழிக்கச் சொல்லும் உரிமை எனக்கும் இல்லை, மாவட்டத் தலைமைக்கும் இல்லை. கைதட்ட மட்டும் கற்றுக்கொள்ளும் மாணவரால் கட்சிக்கும் பயனில்லை, நாட்டுக்கும் பயனில்லை.

பயிற்சி முடிந்து நீங்கள் வேறு வேலைக்குப் போகலாம், வேறு கட்சிக்குக்கூடப் போகலாம். கேட்டு, சரிபார்த்து, துணிந்து எழுதும் பழக்கம் உங்களோடு வரும். அதை யாராலும் திருப்பி வாங்க முடியாது. வீட்டுல மறுபடி கேட்டாங்கன்னா இதைச் சொல்லுங்க.

இதைப் படிக்கும் தோழர்களே, உங்கள் பகுதிக்கு இந்தப் பிள்ளைகள் நோட்டோடு வருவார்கள். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, உண்மையைச் சொல்லுங்கள்.