லவுண்ட்ஸ் கவுண்டியும் கருஞ்சிறுத்தைச் சின்னமும்
(கட்சிக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அமெரிக்க ஜனநாயகத்தின் பெருமையைப் பேசுவோருக்கு நாம் ஒரு கிராமப்புற மாவட்டத்தைக் காட்டுவோம். அலபாமா மாநிலத்திலுள்ள லவுண்ட்ஸ் கவுண்டிதான் அது.

1830-ல் இந்தக் கவுண்டி அமைக்கப்பட்டது. தென் கரோலினா அரசியல்வாதி வில்லியம் லவுண்ட்ஸின் பெயரை இதற்கு இட்டார்கள். கிரீக் என்னும் பூர்வகுடி மக்களின் பூமி இது. 1836-ல் அம்மக்களை மேற்கே விரட்டினார்கள். அந்தக் கரிசல் மண்ணில் பருத்திப் பண்ணைகள் எழுந்தன. கறுப்பின அடிமைகளின் ரத்தமே அதற்கு எருவாயிற்று.

அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. நிலமோ பண்ணையாரிடமே இருந்தது. நேற்றைய அடிமை, கடனில் மூழ்கிய வாரக் குடியானவனானான். 1931-ல் கம்யூனிஸ்டுகளின் முயற்சியால் அலபாமாவில் வாரக் குடியானவர் சங்கம் தோன்றியது. 1935-ல், 100 ராத்தல் பருத்தி எடுக்க 1 டாலர் கூலி கேட்டு லவுண்ட்ஸ் உழைப்பாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். துப்பாக்கியும் சவுக்கும் பதில் சொல்லின.

1965 துவக்கத்தில் இங்கு ஜனத்தொகையில் ஏறத்தாழ 80 சதவீதம் கறுப்பினத்தார். வாக்காளர் பட்டியலிலோ அவர்களில் ஒருவர்கூட இல்லை! அவ்வாண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. பெயரைப் பதிவு செய்த குடும்பங்களைப் பண்ணையார்கள் குடிசையிலிருந்து வெளியேற்றினார்கள். அந்த மக்கள் ஊரை விட்டு ஓடினார்களா? இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரமடித்துத் தங்கினார்கள்.

ஆளும் டெமாக்ரடிக் கட்சியின் மாநிலச் சின்னம் வெள்ளைச் சேவல்; "வெள்ளையர் மேலாண்மை" என்ற கோஷம் நெடுங்காலம் அதனுடன் இருந்தது. ஜான் ஹியூலெட்டும், மாணவர் இயக்கத்திலிருந்து வந்த ஸ்டோக்லி கார்மைக்கேலும், மக்களுடன் சேர்ந்து தனிக் கட்சி கண்டார்கள். கருஞ்சிறுத்தையைச் சின்னமாக்கினார்கள். எழுத்தறியாதவரும் அதைக் கண்டு வாக்களிக்கலாமல்லவா? 1966 அக்டோபரில் ஓக்லாந்து நகரில் தோன்றிய கட்சி இச்சின்னத்தையே ஏற்றது.

1966 நவம்பர் தேர்தலில் அவர்களின் 7 வேட்பாளர்களும் தோற்றார்கள். பண்ணையார்கள் தங்கள் கூலியாட்களை லாரியில் ஏற்றிவந்து வெள்ளை வேட்பாளர்களுக்கு வாக்களிக்கச் செய்தார்கள். ஆனால் மக்கள் சோர்ந்துவிடவில்லை. 1970-ல் ஹியூலெட் ஷெரீப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தடியடி பட்டவர்களின் பிரதிநிதி தடியைக் கையில் ஏற்றார்!

இதோடு கதை முடிந்ததா, தோழர்களே? முடியவில்லை. ஷெரீப் மாறினார், நிலத்தின் சொந்தக்காரர் மாறவில்லை. இன்றும் அங்கே பல ஏழை வீடுகளில் கழிவுநீர் ஓட வழியில்லை, முற்றத்திலேயே தேங்குகிறது. இதைச் சீர்செய்ய 2023-ல் மத்திய நீதித்துறை மாநில அரசுடன் செய்த ஒப்பந்தத்தை, 2025 ஏப்ரலில் டிரம்ப் அரசாங்கம் ரத்து செய்தது.

வாக்குரிமை அற்பமானதென்று நாம் சொல்லவில்லை. அதற்காக உயிர்கொடுத்தவர்களை வணங்குகிறோம். ஆனால் நிலம் எவன் கையிலோ, அவன் கை வாக்குப்பெட்டி வரை நீளும். அந்தக் கையை விலக்கும் சக்தி ஒன்றுபட்ட உழைப்பாளி மக்களுக்கே உண்டு. லவுண்ட்ஸ் நமக்குப் புகட்டும் பாடம் இதுவே.