ரஸலின் கோழியும் என் நோயாளியும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



தெல்தெனியவில் உயர்தரம் படிக்கும் தங்கைமாருக்கு நான் சிபாரிசு செய்யும் நூல், பேர்ட்ரண்ட் ரஸல் 1912இல் எழுதிய 'த ப்ரொப்ளம்ஸ் ஒஃப் பிலோசபி'. மெய்யியலுக்கு அறிமுகமான சிறு நூல். அதில் ஒரு கோழி வருகிறது. நாள்தோறும் தீனி போட்டவரே ஒரு நாள் அதன் கழுத்தைத் திருகிவிடுகிறார். நேற்றுவரை நடந்தது நாளையும் நடக்கும் என்பதற்கு என்ன ஆதாரம் என்பதே ரஸலின் கேள்வி.

நம் நாடும் அப்படி ஏமாந்ததுண்டு. 1963இல் இலங்கை முழுவதும் 17 மலேரியா நோயாளர்களே இருந்தனர். மருந்து தெளிப்பது நின்றது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். பல்லாண்டு உழைப்பின் பின், 2016இல்தான் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார ஸ்தாபனம் நமக்கு வழங்கியது.

அந்தச் சான்றிதழை நம்பி நானும் ஏமாந்தேன். காய்ச்சலோடு வந்த ஒருவரை இரண்டு நாள் டெங்கு என்றே பார்த்தேன். "அண்மையில் எங்கே போயிருந்தீர்கள்?" என்று கேட்கவில்லை. மூன்றாம் நாள் கேட்டேன், ஆபிரிக்கா என்றார். இரத்தத்தில் மலேரியா. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

கணிதத்தில் உதாரணங்கள் எத்தனை இருந்தாலும் போதாது. 2ஐ விடப் பெரிய ஒவ்வோர் இரட்டை எண்ணும் இரு முதன்மை எண்களின் கூட்டுத்தொகை என்பது 1742ஆம் ஆண்டுக் கருத்து. கோடானுகோடி எண்களுக்குச் சரிவந்தும் இன்னும் நிறுவப்படவில்லை. மருத்துவத்தில் நிறுவலுக்காகக் காத்திருக்க முடியாது. ஆனால் கேட்க மறந்த ஒரு கேள்வி உயிரையே வாங்கிவிடும்.

தங்கைமாரே, பாடத்தைப் படியுங்கள், "இது எப்படித் தெரியும்?" என்றும் கேளுங்கள்.