மெஷினுக்குப் புத்தகம் இருக்கிறது, நமக்கு?

(கண்டியில் நடந்த தோட்ட இளைஞர் கூட்டத்தில் பெக்கோ ஒபரேட்டர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. பெக்கோ ஓட்டும் நாங்கள் எட்டுப் பேர் கொழும்புக்குப் போய் ஒரு கண்காட்சி பார்த்து வந்தோம். அதைப் பற்றிப் பேசு என்று தலைவர் சொன்னார். அதனால் வந்திருக்கிறேன்.

எட்டுப் பேரும் தோட்டத்துப் பிள்ளைகள்தான். கலஹா, தெல்தோட்டை, ஹந்தானை, மடுல்கலை என்று ஆளுக்கொரு பக்கம். என் அப்பா தோட்டத்தில் கான் வெட்டியவர். மண்வெட்டியால் ஒரு நாள் முழுக்க வெட்டியும் கணக்குக் குறைந்தால் அரைப் பேர்தான் விழும். நான் பக்கெட்டால் வெட்டுகிறேன். அப்பா ஒரு வாரம் வெட்டிய கானை நான் ஒரு மணித்தியாலத்தில் வெட்டி முடிப்பேன். ஆனால் அப்பாவின் பெயர் செக்ரோலில் இருந்தது. என் பெயர் எங்கே இருக்கிறது? இந்தக் கேள்விதான் கொழும்பிலிருந்து நான் கொண்டுவந்தது.

விடிகாலை நான்கு மணிக்கு வேனில் புறப்பட்டோம். கடுகண்ணாவையில் அந்தத் துளைத்த பாறையைத் தாண்டும்போது, வேனை ஓட்டிய அண்ணன் சொன்னார்: "1820களில் இந்தப் பாதையை வெட்டினவனுக்குப் பெக்கோ ஏது தம்பி? எல்லாம் கையால்தான்." பாதையை வெட்டியவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. வெட்டுவித்த கெப்டன் டோசனின் பெயரில் மட்டும் கோபுரமே நிற்கிறது.

கண்காட்சி, இலங்கை தேசிய நிர்மாண சங்கம் பல வருடங்களாக நடத்தி வரும் 'கன்ஸ்ட்ரக்ட்'. இடம் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம். நாங்கள் நேராக மெஷின் பக்கம்தான் போனோம். மூன்று தொன் சின்ன மெஷினிலிருந்து இருபது தொன் மெஷின் வரை பார்த்தோம். பின்னால் பார்க்கக் கமரா, ஏசி, கல் விழுந்தாலும் தாங்கும் கெபின். நம்மில் பலர் கண்ணாடி உடைந்த கெபினில் சாக்கைக் கட்டிக்கொண்டு மழையில் வேலை செய்தவர்கள். ஆசையாகத்தான் இருந்தது.

அங்கே ஒரு விஷயம் கற்றுக்கொண்டோம். இரண்டு லீவரும் எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. ஒரு முறையில் பூமை வலது கை தூக்கும், ஆர்மை இடது கை நீட்டும். இன்னொரு முறையில் அது இரண்டும் கை மாறிவிடும். சில மெஷின்களில் இதை மாற்ற ஒரு வால்வே இருக்கிறது. புது மெஷினில் ஏறினால், ஆட்களைத் தூர நிறுத்திவிட்டு, லீவரை மெதுவாக அசைத்துப் பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். "எல்லாம் ஒன்றுதான், ஏறு" என்று முதலாளி அவசரப்படுத்தினாலும் இதை விடாதீர்கள். பழக்கத்தில் கை தப்பாகப் போனால், பக்கத்தில் நிற்கும் ஹெல்பர் பையன்தான் அடிபடுவான்.

பிறகு, பாவித்த மெஷின் விற்கும் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தோம். ஒரே வருடத்து மெஷின் இரண்டுக்கு ஏன் இவ்வளவு விலை வித்தியாசம் என்று கேட்டோம். அவர் சொன்னார்: "இதற்குப் புத்தகம் இருக்கிறது. எத்தனை மணித்தியாலம் ஓடியது, எப்போது ஒயில் மாற்றியது, என்ன பழுது பார்த்தது, எல்லாம் எழுதியிருக்கிறது. மற்றதற்கு ஒன்றுமில்லை. நல்ல மெஷினாகவே இருக்கட்டும், புத்தகம் இல்லாவிட்டால் யார் நம்புவார்கள்?"

எங்களோடு வந்த ஒருவர் பதினொரு வருடம் பெக்கோ ஓட்டியவர். அவர் மெதுவாகச் சொன்னார்: "அப்ப நானும் புத்தகம் இல்லாத மெஷின்தான்." எல்லோரும் சிரித்தோம். திரும்பி வரும்போது வேனில் யாரும் அதிகம் பேசவில்லை.

உண்மைதானே? 250 மணித்தியாலம் ஓடினால் மெஷினுக்கு ஒயில் மாற்ற வேண்டும் என்று முதலாளிக்குத் தெரியும், மீட்டர் காட்டிக்கொடுக்கும். அதே 250 மணித்தியாலம் நாமும் அந்தச் சீட்டில்தான் இருந்தோம். அதற்கு எந்த மீட்டரும் இல்லை. நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. சாயந்தரம் கையில் காசு வரும், அதோடு சரி.

இது எப்போது வினையாகும் என்று சொல்கிறேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தது. நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கண்டி மாவட்டத்தில் நாம் பட்டதை நான் சொல்லத் தேவையில்லை. மண் மூடிய பாதைகளைத் திறக்க ஓடியவர்களில் நம் பெக்கோ பிள்ளைகளும் இருந்தார்கள். மேலே மலை இன்னும் ஈரமாக நிற்கிறது, கீழே நாம் மண் அள்ளுகிறோம். அந்த நேரத்தில் இரண்டாவது முறை சரிந்திருந்தால்? 1934ஆம் ஆண்டிலிருந்தே தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. வேலையில் காயப்பட்டாலோ இறந்தாலோ தொழில் கொடுத்தவர் நட்டஈடு தர வேண்டும். ஆனால் "இவன் என் ஆளே இல்லை, அன்றைக்கு மட்டும் வந்தவன்" என்று முதலாளி சொன்னால், வீட்டில் இருக்கும் அம்மா எதைக் காட்டுவார்?

சேமலாப நிதியும் அப்படித்தான். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி நம் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். 1980ஆம் ஆண்டின் நம்பிக்கை நிதிச் சட்டப்படி முதலாளி இன்னும் 3 சதவீதம். ஒரு கணக்குக்கு மாதம் 60,000 ரூபா சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி பங்கு மட்டும் மாதம் 9,000 ரூபா. வருடத்துக்கு 108,000 ரூபா. கைக்காசுக்கு வேலை செய்கிறவன் ஒவ்வொரு வருடமும் இதை விட்டுவிட்டு வருகிறான். "தற்காலிகம்தானே, உனக்குக் கிடையாது" என்பார்கள். நம்பாதீர்கள். தற்காலிகத் தொழிலாளிக்கும் இந்த நிதி உண்டு.

அதனால் தம்பிமார்களிடம் நான் கேட்பது இதுதான். இருநூறு பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். தினமும் திகதி, இடம், மெஷின் இலக்கம், காலை மீட்டர், மாலை மீட்டர், யார் வேலைக்குக் கூப்பிட்டது, எவ்வளவு தந்தது என்று எழுதுங்கள். மீட்டரைப் போனில் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்புங்கள். காசைக் கையில் வாங்காமல் வங்கிக் கணக்குக்குப் போடச் சொல்லுங்கள். நாளைக்குத் தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு செய்தால் இதுதான் நம் சாட்சி.

அந்தக் கொப்பி இன்னொன்றுக்கும் உதவும். அனுபவத்தில் தொழில் கற்றவர்கள், மறுபடி வகுப்பில் உட்காராமலே, நைட்டா மூலம் தேர்வுக்கு முகம் கொடுத்து என்.வி.கியூ. சான்றிதழ் பெறலாம். என்ன வேலை செய்தோம் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள், பிறகு மெஷினில் ஏற்றிப் பார்ப்பார்கள். மெஷினில் நாம் தோற்கமாட்டோம். ஆதாரம் இல்லாமல்தான் நிற்கிறோம். சாரதி அனுமதிப்பத்திரத்தில் விசேட தேவை வாகனங்களுக்கான 'ஜே' வகுப்பையும் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. லயத்துக்குப் பின்னால் மலையை வெட்டச் சொல்வார்கள். அடிவாரத்தை நேராக வெட்டினால் மேலே உள்ள மண்ணுக்குப் பிடிப்பு போய்விடும். மேலிருந்து படிப்படியாகத்தான் வெட்டி இறங்க வேண்டும், மழைத் தண்ணீர் போகக் கான் விட வேண்டும். நம் மாவட்டத்தில் மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் கட்டட வேலைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி வேண்டும். "பேப்பர் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் இறங்கிவிடுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. நம் பக்கெட்டால் நம் ஆட்களின் வீட்டுக்கு ஆபத்து வரக்கூடாது.

ஆனால் தனியாக இறங்குகிறவனுக்கு மறுநாள் வேலை இருக்காது. அந்த இடத்துக்கு இன்னொரு பையனை ஏற்றுவார்கள். அதனால்தான் சங்கத்திடம் வந்திருக்கிறேன். கொழுந்து எடுக்கும் தாய்மாருக்கு இருப்பதுபோல, வெளியே மெஷின் ஓட்டும் பிள்ளைகளுக்கும் சங்கத்தில் ஒரு இடம் கொடுங்கள். சந்தா கட்ட நாங்கள் தயார். எட்டுப் பேரும் ஏற்கெனவே கொப்பி வாங்கிவிட்டோம். பதினொரு வருடக்காரர் முதல் பக்கத்தில் எழுதியது அவருடைய சொந்தப் பெயரை.