சுறா ஏன் முதலையாயிற்று?



செம்பவாங்கில் அடுக்குமாடி வீடுகளின் மின்தூக்கி அருகே காவல்துறை ஒட்டும் எச்சரிக்கையைக் கண்டிருப்பீர்கள். ஆங்கிலத்தில் 'லோன் ஷார்க்' எனப்படுபவர், நம் செய்தித்தாளில் 'கடன்முதலை' ஆகிறார். கடலில் இருந்த சுறா, தமிழுக்கு வரும்போது ஆற்று முதலையாக மாறியது ஏன்?

'சுறா' பழஞ்சொல். நிலா 'நிலவு' ஆவதும், கனா 'கனவு' ஆவதும் போலச் சுறா 'சுறவு' ஆகும். நன்னூல் இதற்கு விதி கூறுகிறது. 'அம்' சேரச் 'சுறவம்'. மகர ஓரைக்குரிய தைத் திங்களைத் தனித்தமிழார் இப்பெயரால் வழங்குவர். பட்டினப்பாலையில் பரதவர் சுறவின் கொம்பை நட்டு வழிபடுகின்றனர். கொம்புடையது என்பதால் அதனை இன்று மீனவர் 'வேளா' என்னும் இனமாகக் கொள்ளலாம். பால்சுறாவோ பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் ஊறச் சமைத்துத் தரும் மீன். 2010இல் வந்த 'சுறா' திரைப்படத்தில் அது மீனவக் கதைத்தலைவனின் பெயர். தெய்வம், திங்கள், தாய்க்கு உணவு, வீரன்: தமிழில் இச்சொல் ஏறிய படிகள் இவை. ஏமாற்றுக்காரன் என்னும் பொருள் இதில் எங்கும் ஒட்டவில்லை.

ஆங்கிலத்தில் கதை வேறு. 1569இல் ஜான் ஹாக்கின்ஸின் மாலுமிகள் இலண்டனுக்குக் கொணர்ந்து காட்டிய மீனோடு 'ஷார்க்' என்னும் பெயர் பரவிற்று. அதன் வேர் இன்றும் துணியப்படவில்லை. கயவனைக் குறிக்கும் 'ஷுர்க்கே' என்னும் ஜெர்மானியச் சொல்லோடு அதனை இணைப்பாரும் உளர். அவ்விணைப்பு உண்மையாயின், மனிதனை மீனாக உருவகித்தனர் என்பதைவிட, மீனுக்கே மனிதனின் வசைப்பெயரைச் சூட்டினர் என்பது பொருந்தும். பாவம் அம்மீன்!

நம் அண்டை மொழிகளையும் பாருங்கள். கொடுவட்டிக்காரரை மலாய்மொழி 'லிந்தா டாராட்', அதாவது நிலத்து அட்டை என்கிறது. கந்தோனியர் வழக்கோ 'பெரிய காதுத்துளை' என்பது. ஒரே ஆளுக்கு ஒரே தீவில் மீன், அட்டை, காது, முதலை என நான்கு உருவங்கள்.

முதலையைத் தமிழர் தேர்ந்ததற்கு அதன் பல் மட்டும் காரணமன்று என்பது என் கருத்து. 'முதல்' என்பது மூலதனம். இரண்டாம் வேற்றுமை ஏற்றால் அதுவும் 'முதலை'. 'வட்டி முதலை விழுங்கியது' என்று கரும்பலகையில் எழுதுங்கள். வட்டியானது மூலதனத்தை விழுங்கிற்று என ஒரு மாணவர் படிப்பார். வட்டிமுதலை எதையோ விழுங்கிற்று என இன்னொருவர் படிப்பார். இருவரும் சரியே. வேற்றுமை நடத்த இதனினும் சுவையான தொடர் எனக்குக் கிடைக்கவில்லை. 'பணமுதலை' என்னும் சொல் ஊன்றியதற்கும் இவ்வொலியொப்புமை துணைநின்றிருக்கும். 'கடன்சுறா' என்று பெயர்த்தால் விலங்கு வரும். இந்தச் சிலேடை வராது.

எனினும் மொழிபெயர்ப்பாளர் இவ்விடத்தில் விழிப்பாக இருத்தல் வேண்டும். சிங்கப்பூரில் கடன்முதலை என்பார் உரிமம் இன்றிக் கடன் கொடுப்பவர். உரிமம் பெற்றோர் வேறு; அவர்கள் மாதம் 4 விழுக்காட்டிற்கு மேல் வட்டி வாங்கச் சட்டம் இடந்தருவதில்லை. 'வட்டிக்குக் கொடுப்பவர்' என்று பொதுவாகப் பெயர்த்தால் இவ்வேறுபாடு அழியும். மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் கணக்கெழுதி வெளிப்படையாகக் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தாரையும் அது ஒரே வலையில் அள்ளிவிடும். ஆங்கிலம் அறியாத மூதாட்டி ஒருவர், கதவில் சிவப்புச் சாயம் வீசப்பட்ட பின்னர்த் தமிழ் அறிவிப்பைப் படிக்கிறார் என்று எண்ணிப்பாருங்கள். காவல்துறையை அழைக்க வேண்டியது யார்மீது என்பதை அந்த ஒரு சொல்லே அவருக்குச் சொல்ல வேண்டும். ஆகவே அறிவிப்பில் 'உரிமமற்ற கடன்முதலை' என்று முழுமையாக எழுதுக என்பேன். கூறியது கூறல் எனச் சிலர் குறைகூறுவர், கூறட்டும்.