முகம் என்று பெயர் கொண்ட இயந்திரம்

இரும்புக்கை என்றதும் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு மாயாவிதான் நினைவுக்கு வருவார். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவர், பிறப்பால் இங்கிலாந்துக்காரர். ஜப்பானிலும் ஓர் இரும்புக்கைக்காரன் உண்டு. நம்மூருக்கு மாயாவி வருவதற்கு இருபது ஆண்டு முந்தியவன். ஒசாமு தெசூகா 1952 முதல் 1968 வரை ஒரு சிறுவர் பத்திரிகையில் வரைந்த படக்கதையின் ஜப்பானியத் தலைப்பைப் பிரித்துப் பார்த்தால் ‘இரும்புக்கை அணு’ என்றுதான் வருகிறது. ஆங்கிலத்தில் ஆஸ்ட்ரோ பாய் ஆனான். ஜப்பானில் அவன் பெயர் அடோம். ஜப்பானியப் படக்கதைகளுக்கு மாங்கா என்று பெயர். மாந்தோப்புகள் சூழ்ந்த போடி, பெரியகுளம் பக்கம் இந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த அடோம் கதையின் ஒரு பகுதியை எடுத்து நவோகி உராசாவா என்ற ஓவியர் 2003 முதல் 2009 வரை எட்டுத் தொகுதிகளாக மறுபடி சொன்னார். அதன் பெயர் ‘புளூட்டோ’. உலகம் அறிந்த பழைய கதையை ஒரு கலைஞன் மறுபடி எடுத்துச் சொல்வதற்கு எது நியாயம் தருகிறது என்பதே இன்றைய பேச்சு. மூலம் அவசரமாகக் கடந்துபோன இடத்தில் நின்று பார்ப்பதே அந்த நியாயம் என்பது என் கட்சி.

மூலக்கதை 1964–65இல் வந்தது. ஒரு சுல்தான் புளூட்டோ என்ற கொம்பு முளைத்த ராட்சத இயந்திரத்தைச் செய்விக்கிறார். உலகின் தலைசிறந்த ஏழு இயந்திர மனிதர்களையும் அது வென்றுவிட வேண்டும். ஸ்விட்சர்லாந்து, ஸ்காட்லாந்து, துருக்கி, ஜெர்மனி, கிரீஸ், ஆஸ்திரேலியா என்று நாட்டுக்கு ஒருவராக ஆறு பேர், ஏழாவது ஆள் நம் அடோம். குஸ்தி பார்க்கிற சந்தோஷத்தோடு சிறுவர்கள் வாரி வாரிப் படித்த கதை. ஒரு லட்சம் குதிரைத்திறன் போதாது என்று அடோமின் வலிமையைப் பத்து லட்சமாக ஏற்றும் கட்டம்கூட அதில் உண்டு. இந்த எலும்புக்கூட்டை உராசாவா தொடவில்லை. எங்கள் போடி ரயில் கதை போலத்தான் இது: மதுரை–போடி மீட்டர்கேஜ் வண்டி 2010 கடைசியில் நின்று, 2023 ஜூனில் அகலப்பாதையில் போடிக்கு ரயில் வந்தபோது ஊர்ப்பெயர்கள் அப்படியேதான் இருந்தன. மாறியது ஒன்றுதான், சென்னை வண்டி நேராக இங்கே வந்து நிற்க முடிந்தது. அதே ஏழு பேரையும் அதே ஏழு நாடுகளையும் வைத்துக்கொண்டு, இதற்கு முன்பு அந்தப் பாதையில் ஏற முடியாத ஒரு பாரத்தை உராசாவா ஏற்றினார்.

அந்தப் பாரம் எது என்பதற்கு ஒரு தேதி துணை செய்கிறது. தெசூகா தன் கதையில் அடோம் பிறந்த நாளாகக் குறித்தது 2003 ஏப்ரல் 7. நிஜ உலகில் அந்த நாள் வந்தபோது ஈராக் போர் மூன்றாவது வாரத்தில் இருந்தது. இரண்டு நாள் கழித்து பாக்தாத் விழுந்தது. புளூட்டோ தொடங்கியது அதே ஆண்டு செப்டம்பரில். அதில் வரும் பெர்சிய ராஜ்யத்தில் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லி ஆய்வுக்குழு அனுப்பப்படுகிறது, ஒன்றும் அகப்படவில்லை, ஆனாலும் போர் நடக்கிறது. ஏழு இயந்திரங்களில் பெரும்பாலானவை அந்தப் போரில் கொன்று குவித்துவிட்டு ஊர் திரும்பியவை. அந்த ஏழில் எப்சிலான் என்பவன் மட்டும் போருக்குப் போக மறுத்து, போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை வளர்க்கிறான். 1964இல் யார் பலசாலி என்று கேட்ட கதை, 2003இல் அந்தப் பலத்தை எங்கே கொண்டுபோய் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறது.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று இருக்கிறது. மூலத்தின் நாயகன் அடோம். ஜெர்மனியின் துப்பறியும் இயந்திரமான கெசிஷ்ட் சில பக்கங்களில் வந்து அழிந்துபோகிற ஆள். உராசாவா அவனைத் தூக்கி நடுவில் வைத்தார். கெசிஷ்ட் என்ற ஜெர்மன் சொல்லுக்கு முகம் என்று பொருள். ஏலக்காய் ஸ்டோரில் சல்லடை போடுவதைப் பார்த்தவர்களுக்கு உராசாவா செய்தது புரியும். எட்டு எம்.எம். காய் மேலே நிற்கும், ஏலத்தில் விலையும் அதற்குத்தான். சல்லடைக் கண் வழியே நழுவி விழுந்த பொடிக்காயை உடைத்து முகர்ந்தால் அதே மணம் வரும். தெசூகாவின் சல்லடையில் கீழே விழுந்த காயைப் பொறுக்கி எடுத்தவர் உராசாவா.

ஒரு காட்சியைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். ரோந்துப் பணியில் இருந்த ஒரு போலீஸ் இயந்திரம் கொல்லப்படுகிறது. துக்கச் செய்தியை அதன் மனைவிக்குச் சொல்லக் கெசிஷ்ட் போகிறான். அவளும் இயந்திரம்தான், வீட்டு வேலை செய்யும் பழைய தகர மாடல். கண்ணுக்கு இரண்டு வட்டம், வாய் இருக்கும் இடத்தில் ஒன்றுமில்லை. வேண்டுமானால் கணவனைப் பற்றிய நினைவை அழித்துவிடலாம் என்கிறான் கெசிஷ்ட். அவள் வேண்டாம் என்கிறாள். கணவனின் நினைவுச் சில்லை அவளுக்குள் பொருத்துகிறான். அவன் கடைசியாகக் கண்டதெல்லாம் அவள் கண்ணில் ஓடுகிறது. கட்டத்துக்குக் கட்டம் அந்தத் தகர முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. அழுகையை வரைய இடமே இல்லாத முகத்தை எடுத்துக்கொண்டு, படிப்பவரை அழவைக்கும் துணிச்சல் அது. சண்டைகளிலும் இதே கைதான் வேலை செய்கிறது. நார்த் இரண்டாம் எண் என்ற ஸ்காட்லாந்து இயந்திரம் மூலத்தில் ஆறு கைகளோடு மோதி அழியும் வெறும் போர்க்கருவி. இங்கே அது கண் தெரியாத ஓர் இசையமைப்பாளரின் வீட்டில் பணியாள். ஆயுதக் கைகளைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு பியானோ கற்றுக்கொள்ளத் துடிக்கிறது. கொல்லும் கருவிக்கு இசை எதற்கு என்று கிழவர் விரட்டுகிறார். அவர் மனம் இளகிய பின் புளூட்டோ வருகிறான். மோதலை நாம் பார்ப்பதே இல்லை. வானத்திலிருந்து வந்த பாட்டு நின்றுபோகிறது. பாடம் தொடரக் கீழே கிழவர் காத்திருக்கிறார். மூலம் எதைப் பக்கம் பக்கமாகக் காட்டியதோ அதை மறைத்து, எதைக் காட்ட நேரமில்லாமல் போனதோ அதைக் காட்டுகிறார் உராசாவா.

இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. புதுமைப்பித்தன் 1943இல் ‘சாபவிமோசன’த்தில் இதைத்தான் செய்தார். கல் பெண்ணானதோடு ராமாயணம் நகர்ந்துவிடுகிறது. அதன் பிறகு அகலிகை எப்படி வாழ்ந்தாள் என்று அவர் நின்று கேட்டார். சீதையின் தீக்குளிப்பைக் கேட்டு அவள் மறுபடி கல்லாவது அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த முடிவு. தென்மாவட்டத் தோல்பாவைக்கூத்தில் ராமாயணத் திரைக்குள் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற கோமாளிகள் புகுந்து ஊர்ப் பஞ்சத்தைப் பேசுகிறார்களே, அதுவும் காவியம் நிற்காமல் போன இடம்தான். எனவே ‘சொந்தக் கற்பனை வற்றியவன்தான் அடுத்தவன் கதையை எடுப்பான்’ என்ற ஆட்சேபணை தமிழில் செல்லாது. அதைச் சொல்வதற்கு முன் கம்பரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும். தெசூகாவின் மகன் மகோதோ உராசாவாவுக்கு முதலில் அனுமதி மறுத்து, பிறகு சம்மதித்தபோதும், அப்பாவின் கோடுகளைப் பிரதி எடுக்காதீர்கள், உங்கள் படைப்பாகவே செய்யுங்கள் என்றுதான் கேட்டுக்கொண்டார். அடோமைத் தேடி முதல் தொகுதியைப் புரட்டுகிறவருக்குக் கடைசியில்தான் அவன் கிடைக்கிறான். அதுவும் மழைக்கோட்டுப் போட்ட சாதாரணப் பையனாக. 2005இல் தெசூகா பெயரிலான பெருவிருதே இந்தப் படைப்புக்குக் கிடைத்தது.

இன்னொரு ஆட்சேபணைக்கு வலு அதிகம். பிள்ளைகள் குதூகலமாகப் படித்ததைப் பிடுங்கிப் பெரியவர்களின் துக்கமாக்கிவிட்டார் என்பது. உண்மைதான், பத்து வயதுப் பிள்ளை கையில் புளூட்டோவைக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் துக்கம் உராசாவா கொண்டுவந்து ஊற்றியதல்ல. தெசூகாவின் புளூட்டோவே அடோமோடு மோதத் தயங்குகிறவன். எரிமலையைத் தணிக்க அவனோடு சேர்ந்து நிற்கிறவன். கடைசியில் இன்னொரு ராட்சத இயந்திரத்தோடு சேர்ந்து வெடித்துச் சிதறுகிறவன். பத்து லட்சம் குதிரைத்திறனால் எதுவும் தீரவில்லை என்பதைச் சிறுவர் பத்திரிகையிலேயே அவர் சொல்லிவிட்டார். 1960இல் பிறந்த உராசாவா அதைச் சிறுவயதில் படித்து, நாற்பது தாண்டி வரைந்தார். மூலம் அழியவும் இல்லை. அது இன்றும் பிள்ளைகளுக்கு இருக்கிறது.

குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. கடைசி இரண்டு தொகுதிகள் மூச்சிரைக்க ஓடுகின்றன. ஆறு தொகுதிகளாக முடிச்சுப் போட்டவர் அவிழ்க்கும்போது பற்களால் கடிக்கிறார். போரைத் தொடங்கிய வல்லரசின் பின்னால் ஒரு கரடி பொம்மை இருந்து ஆட்டுவிப்பதாகக் காட்டுவது சாமர்த்தியம்தான், ஆனால் அதனால் மனிதர்கள் மீது விழ வேண்டிய பழி பொம்மை மீது விழுந்துவிடுகிறது. குண்டு போட்டவர்களைவிட, பிள்ளைகளைப் பறிகொடுத்த பெர்சிய விஞ்ஞானியின் வெறுப்பே நமக்கு அதிகம் அச்சமூட்டுவதாக அமைந்திருக்கிறது. 2003இன் கோபத்தோடு தொடங்கிய கதைக்கு இது சறுக்கல்.

ஆனாலும் அந்தப் புளூட்டோவின் பூர்வீகம் ஒன்றை இந்தப் போடி மலைச்சரிவில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. ராட்சதனாக மாற்றப்படுவதற்கு முன் அவன் பெயர் சஹத். நெதர்லாந்துக்குப் போய்த் தாவரவியல் படித்த இயந்திரம். தன் ஊர்ப் பாலைவனத்தைப் பூக்கவைக்க வேண்டும் என்பது ஒன்றே அவன் ஆசை. ஏலச்செடி தலையில் பூப்பதில்லை. தூரிலிருந்து சரம் ஓடி, தரையோடு தரையாகப் பூக்கும், குனிந்தால்தான் கண்ணில் படும். போடிமெட்டு தாண்டித் தினமும் அப்படிக் குனிகிறவர்களுக்கு, மண்ணைக் கையில் அள்ளிப் பார்க்கும் சஹத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எட்டுத் தொகுதிக்கும் நேரம் இல்லாதவர்கள் முதல் தொகுதியில் அந்தத் தகர மனைவியின் பக்கங்களையாவது புரட்டிப் பாருங்கள்.